சேர்வராயன் மலைப் பச்சைக் காபிக்கொட்டை, சிஇ-எம்எஸ்: கரண்ட் விழுகிறது, பீக் நேரம் நகர்கிறது

#1 மலைக்கொட்டை

வணக்கம். ஏற்காடு பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் அரபிகா பச்சைக் கொட்டையில் காபா (காமா-அமினோபியூட்ரிக் அமிலம்), அஸ்பராஜின், குளூட்டமிக் அமிலம், டிரிகோனெலின், கோலின் ஐந்தையும் சிஇ-எம்எஸ்-இல் (கேபிலரி என்ற மயிரிழைக் குழாயில் மின்புலத்தால் பிரித்து, நிறைமானியில் அளக்கும் முறை) ஒரே ஓட்டத்தில் அளக்கணும். பழத்தோடு காயவைத்த செர்ரி, தோல் நீக்கிக் கழுவிய பார்ச்மென்ட் என இரண்டு வகை. இரண்டையும் ஒப்பிடுவதுதான் நோக்கம். லேப் சேலம் டவுனில்.

கேபிலரி உருகு சிலிக்கா, உள்விட்டம் 50 மைக்ரான், வெளிவிட்டம் 360, நீளம் 100 செ.மீ., உள்ளே பூச்சு இல்லை. ஓட்டக் கரைசல் 1 மோலார் ஃபார்மிக் அமிலம். கேசட் 25 டிகிரி, +30 கிலோவோல்ட். இன்ஜெக்‌ஷன் 50 மில்லிபார், 10 நொடி. ஷீத் திரவம் (கேபிலரி நுனியைச் சுற்றி ஓடி ஸ்பிரேயாவது) மெத்தனாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, அதில் 5 மில்லிமோலார் அம்மோனியம் அசிடேட், நிமிடத்துக்கு 6 மைக்ரோ லிட்டர். நெபுலைசர் (நுனியில் திரவத்தைத் தூவும் நைட்ரஜன்) 10 பிஎஸ்ஐ. பின்னால் டிஓஎஃப் (பறக்கும் நேர நிறைமானி).

சாறு எடுக்கும் முறை: 100 மி.கி. பொடி, 1 மி.லி. தண்ணீர், அறை வெப்பத்தில் 10 நிமிடம் குலுக்கல், சென்ட்ரிஃப்யூஜ், மேல்நீர் நேராக வயலுக்கு.

சிக்கல்கள்: சில ஓட்டங்களில் கரண்ட் 30 மைக்ரோ ஆம்பியரில் தொடங்கி மெல்ல மெல்ல 20 வரை இறங்குகிறது. சிலதில் சட்டென்று சுழி. காலையில் 11 நிமிடத்தில் வரும் காபா மதியம் 10-க்கே வந்துவிடுகிறது. ஸ்டாண்டர்டில் ஊசி மாதிரி இருக்கும் பீக் சாம்பிளில் அகலமாகிறது. டிரிகோனெலின் உச்சி தட்டை. எம்/இசட் (நிறை-மின்னூட்ட விகிதம்) 104-இல் இரண்டு பீக் வருகிறது, எது காபா என்று நிச்சயமில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

#2 நுண்குழாய்

தம்பி, எல்லாத்தையும் ஒரே முடிச்சாப் போடாதீங்க. மெல்ல இறங்குற கரண்ட் வேற, சட்டுனு அறுந்துபோறது வேற.

மெல்ல இறங்குறதுக்குக் காரணம் உங்க ஷீத் திரவத்துலயே எழுதியிருக்கு: அசிடேட். பாசிட்டிவ் வோல்ட்ல கேட்டயான் எல்லாம் எம்எஸ் பக்கம் போகுது, ஆனயான் எல்லாம் எதிர்த்திசையில இன்லெட்டுக்கு வருது. கேபிலரிக்குள்ள இருக்குற ஃபார்மேட் இன்லெட் பக்கம் நகர நகர, அந்த இடத்தை நிரப்ப அவுட்லெட் பக்கமிருந்து ஷீத் திரவத்தோட ஆனயான் உள்ள நுழையுது. உங்களுக்கு அது அசிடேட். அசிட்டிக் அமிலத்தோட பிகேஏ (குறைஞ்சா அமிலம் வலுவானது) 4.76, ஃபார்மிக்கோடது 3.75. அசிடேட் நுழைஞ்ச பகுதியில ஹைட்ரஜன் அயனி குறைஞ்சு கடத்துதிறன் விழுது. அந்தப் பகுதி நீள நீள மொத்த ரெசிஸ்டன்ஸ் ஏறுது, கரண்ட் இறங்குது. கடைசியில வர்ற பீக் எல்லாம் அந்தப் பகுதியைக் கடந்துதான் வெளிய வரணும், அதனால பிரிஞ்சு வந்ததும் கெடும். அசிடேட்டைத் தூக்கிட்டு 0.1 சதவீதம் ஃபார்மிக் அமிலம் போடுங்க. ரெண்டு பக்கமும் ஒரே ஆனயான் இருந்தா இந்த வம்பே இல்ல.

சட்டுனு அறுந்துபோறது காத்துக் குமிழி. பிஎச் 1.9-ல பூச்சில்லாத சிலிக்காவுல ஈஓஎஃப் (மின்புலத்தால கரைசலே மொத்தமா நகர்றது) கிட்டத்தட்ட கிடையாது. ஆனா நெபுலைசர் காத்து நுனியில உறிஞ்சிக்கிட்டே இருக்கும். வயல் மாத்துறப்ப இன்லெட் முனை காத்துல தொங்குற அந்த நொடிகள்ல நெபுலைசர் ஓடிக்கிட்டிருந்தா, உள்ள போறது காத்துதான். மெதட்ல இந்த வரிசை இருக்கணும்: நெபுலைசர் ஆஃப், சாம்பிள் இன்ஜெக்‌ஷன், அடுத்து ஓட்டக் கரைசல் வயல்ல முனையை முக்கிட்டு வோல்ட் ஏத்தம், அதுக்கப்புறம்தான் நெபுலைசர் ஆன். வோல்ட்டையும் ஒரே எகிறா 30-க்கு ஏத்தாதீங்க, அரை நிமிஷத்துல ஏறட்டும்.

அறுந்துபோறது ஓட்டம் ஆரம்பிச்ச உடனேயா, நடுவுலயா? அதைச் சொல்லுங்க. நடுவுலன்னா சந்தேகம் ஷீத் மேல போகும்.

#3 அயனிமழை

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் அகலப் பீக்குக்குக் காரணம் இயந்திரத்தில் இல்லை, சாறில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பச்சைக் காபிக்கொட்டையில் பொட்டாசியம் எடையில் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம். 100 மி.கி. பொடியை 1 மி.லி.யில் எடுத்தால் பொட்டாசியம் மட்டும் 38 மில்லிமோலார். எதிர் அயனிகளையும் சேர்த்தால் சாறின் கடத்துதிறன் மீட்டருக்கு 0.4 சீமன்ஸ் அளவில் நிற்கும். 1 மோலார் ஃபார்மிக் அமிலத்தில் பிரிந்திருக்கும் ஹைட்ரஜன் அயனி 13 மில்லிமோலார்தான், அதன் கடத்துதிறன் சுமார் 0.54. ஆக சாம்பிளும் ஓட்டக் கரைசலும் ஏறக்குறைய சமம். சாம்பிள் பகுதியில் மின்புலம் தனியாக உயராது, ஸ்டாக்கிங் (அயனிகள் மெல்லிய பட்டையாக ஒடுங்குவது) நடக்காது, உள்ளே போன அகலத்திலேயே பீக் வெளிவரும். அதே 100 மி.கி.யை 10 மி.லி.யில் எடுத்தால் சாறின் கடத்துதிறன் பத்தில் ஒன்றாகும். சாம்பிள் பகுதியில் மின்புலம் பல மடங்கு உயர்ந்து அயனிகள் எல்லையில் ஒடுங்கும். செறிவு குறைந்தும் பீக் உயரம் அவ்வளவாகக் குறையாமல் போவதைப் பார்ப்பீர்கள்.

டிரிகோனெலின் தட்டை உச்சியும் இதில் சேர்த்திதான். அரபிகாவில் அது எடையில் 1 சதவீதம் அளவு இருக்கிறது. உங்கள் இப்போதைய சாறில் 7 மில்லிமோலாருக்கு மேல். எந்த டிடெக்டரும் திணறும். 10 மி.லி. சாறை காபாவுக்கு அப்படியே ஓட்டுங்கள். டிரிகோனெலினுக்கு அதையே மேலும் 20 மடங்கு நீர்த்துத் தனியாக ஓட்டுங்கள். ஐந்தும் ஒரே ஓட்டத்தில் என்ற ஆசையை விட்டுவிடுவது நல்லது.

இன்ஜெக்‌ஷன் அளவு சரிதான். 50 மைக்ரான், 100 செ.மீ., 50 மில்லிபார் என்றால் நொடிக்கு 0.86 நானோ லிட்டர். 10 நொடிக்கு 8.6 நானோ லிட்டர், கேபிலரி நீளத்தில் 4.4 மி.மீ., அதாவது அரை சதவீதத்துக்கும் கீழே.

#4 கொங்கு_எல்சி

காபா ஒண்ணுக்காக இவ்வளவு பாடா? ஓபிஏ (அமினோவோட சேர்ந்து ஒளிரவைக்கும் வினைப்பொருள்) போட்டு டெரிவேட்டைஸ் பண்ணி ஃபுளோரசன்ஸ் எல்சியில (திரவக் குரோமடோகிராஃபி) விட்டா வேலை முடிஞ்சுது. ஐந்தும் வேணும்னா ஹிலிக் காலம் (நீர்விரும்பும் பொருள்களைப் பிரிக்கிற எல்சி குழாய்) இருக்கு. நேரம் நகராது, கரண்ட் அறுந்துபோகாது, நைட்டு விட்டுட்டு வீட்டுக்குப் போகலாம்.

#5 அயனிமழை

காபா மட்டும்தான் தேவை என்றால் நீங்கள் சொல்வதே சரி, நானும் சிஇ-யைத் தொட மாட்டேன். ஆனால் கேள்வியில் கோலினும் டிரிகோனெலினும் இருக்கின்றன. இரண்டிலும் அமினோ தொகுதி இல்லாததால் ஓபிஏ-வோடு வினைபுரியாது. ஹிலிக்கில் பொட்டாசியம் உப்புச் சுமையோடு காபி சாறை விட்டால் பீக் வடிவம் சாம்பிளுக்குச் சாம்பிள் மாறும். சிஇ-யில் பொட்டாசியம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடி வெளியே போய்விடுகிறது, மின்னூட்டமில்லாத சர்க்கரையும் ஏறக்குறைய மின்னூட்டமில்லாத காஃபீனும் வெகு பின்னால் தங்கிவிடுகின்றன. நடுவில் நமக்கு வேண்டியவை மட்டும்.

உணர்திறனில் ஹிலிக் முந்தும், மறுக்கவில்லை. அங்கே உள்ளே விடுவது மைக்ரோ லிட்டர், இங்கே நானோ லிட்டர். அதிலும் ஷீத் திரவம் வேறு நீர்த்துவிடுகிறது. 2007-இல் மொய்னி கொண்டுவந்த நுண்துளை நுனியும், 2010-இல் டோவிச்சி குழு கொண்டுவந்த மெல்லிய ஷீத் முறையும் வந்ததே இந்தக் குறையைத் தீர்க்கத்தான். காபிக்கொட்டையில் இந்த ஐந்தும் தாராளமாகக் கிடைப்பதால் சாதாரண ஷீத் போதும்.

#6 மலைக்கொட்டை

ரொம்ப நன்றிங்க. ஷீத்தை 0.1 சதவீத ஃபார்மிக்குக்கு மாற்றியதும் மெல்ல இறங்கும் சிக்கல் நின்றுவிட்டது, 20 நிமிடமும் 30-ஐ ஒட்டியே நிற்கிறது. நெபுலைசர் வரிசையை மாற்றியதும் தொடக்கத்தில் அறுந்துபோவதும் இல்லை. ஆனால் நடுவில், பெரும்பாலும் 8-லிருந்து 15 நிமிடத்துக்குள், இன்னமும் சில ஓட்டங்களில் சுழியாகிறது. அதே நேரத்தில் எம்எஸ் சிக்னலும் வெட்டி வெட்டி வருகிறது அண்ணா.

மதிய நேர நகர்வு அப்படியே இருக்கிறது. காலையில் கரண்ட் 30.1, மதியம் 31.2.

#7 நுண்குழாய்

எம்எஸ் சிக்னலும் சேர்ந்து வெட்டுதுன்னா குற்றவாளி ஷீத் லைன்தான். சிஇ-யோட மின்சுற்று மூடுறதே அந்த நுனியில ஷீத் திரவம் வழியாத்தான். ஒரு குமிழி கடந்து போற நேரம் சுற்று அறுந்துரும்.

பம்ப்ல 0.6 மி.லி. வச்சு நூத்துக்கு ஒண்ணு ஸ்பிளிட்டர்ல 6 மைக்ரோ லிட்டர் எடுக்குறீங்கன்னு நினைக்கிறேன். ஷீத் திரவத்தை 10 நிமிஷம் சோனிக்கேட் பண்ணி வாயு நீக்குங்க. மெத்தனாலும் தண்ணியும் கலந்த உடனே சூடாகும், குமிழும் கிளம்பும், ஆறவிட்டு அப்புறம் வையுங்க. டீகாசர் இருந்தா அது வழியா விடுங்க. ஸ்பிளிட்டர்லேர்ந்து ஸ்பிரேயர் வரைக்கும் குழாயை வெளிச்சத்துக்கு எதிராப் பிடிச்சுப் பாருங்க, குமிழி நின்னா கண்ணுக்குத் தெரியும். ஸ்பிளிட்டரோட திருப்புற லைன்லேர்ந்து வர்றதை ஒரு அளவுக் குழாய்ல பிடிச்சு பம்ப் சொல்ற அளவோட ஒப்பிடுங்க. அடைப்பு இருந்தா அங்கேயே தெரிஞ்சிரும்.

அதுக்கப்புறம் நுனி. ஸ்பிரேயரைக் கழட்டி, வோல்ட் எல்லாம் ஆஃப் பண்ணிட்டு, ஷீத் மட்டும் ஓடவிட்டு லென்ஸ்ல பாருங்க. நுனியில ஒரே அளவு சொட்டு நிதானமா உருவாகணும். ஒரு பக்கமா வழிஞ்சா நுனி சாய்வா வெட்டுப்பட்டிருக்கு, இல்லன்னா ஊசிக்கு நடுவுல இல்ல. வெட்டுறதுக்கு செராமிக் தகடு எடுத்து, கேபிலரியை மேசையில படுக்க வச்சு, 45 டிகிரியில ஒரே ஒரு கீறல். அழுத்தி அறுக்காதீங்க. ரெண்டு பக்கமும் பிடிச்சு நேரா இழுத்தா பட்டுனு வரும். வெட்டு முகம் கண்ணாடி மாதிரி தட்டையா இருக்கணும், பல்லு இருந்தா தூக்கிப் போட்டுட்டு மறுபடி வெட்டுங்க. நுனியில 2, 3 மி.மீ. பாலிஇமைடு பூச்சைச் சின்னத் தீயில எரிச்சு மெத்தனால்ல துடைச்சிருங்க. அந்தப் பூச்சு கரைப்பான்ல ஊறி உப்பும், உப்பினா வாயை மூடும். அசிட்டோநைட்ரைல்ல இன்னும் மோசம், ஷீத்துல அதைப் போடவே வேண்டாம். பூச்சு போன இடம் லேசா தொட்டாலே ஒடியும், ஸ்பிரேயருக்குள்ள நுழைக்கிறப்ப கவனம்.

ஊசி நுனிக்கு வெளிய கேபிலரி 0.1 மி.மீ. நீட்டணும். முழுக்க உள்ள இழுத்து வச்சா பீக் அகலமாகும், அதிகமா நீட்டினா ஸ்பிரே தடுமாறும். முதல்ல ரெண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வாங்க, அப்புறம் ஸ்பிரேயரோட சரிப்படுத்தும் திருகை மெல்லத் திருப்பி சிக்னல் நிலைக்கிற இடத்துல நிறுத்துங்க.

இன்னொண்ணு, கண்டிப்பா: புது கேபிலரியை சோடியம் ஹைட்ராக்சைடுல கழுவுறப்ப அவுட்லெட்டை ஸ்பிரேயர்லேர்ந்து எடுத்துட்டுக் கழுவணும். எம்எஸ் உள்ள சோடியம் போனா சுத்தம் பண்ணியே நாள் போயிரும்.

#8 அயனிமழை

கழுவும் நேரம் பற்றி ஒரு வரி. இந்தக் கேபிலரியின் மொத்தக் கொள்ளளவு 2 மைக்ரோ லிட்டருக்குச் சற்றுக் கீழே. 950 மில்லிபாரில் நொடிக்கு 16 நானோ லிட்டர்தான் போகும். ஒருமுறை நிரம்பவே 2 நிமிடம். பல மெதட்களில் ஓட்டங்களுக்கு நடுவே 2 நிமிடக் கழுவல் என்று எழுதி வைத்திருப்பதைப் பார்க்கிறேன், அது பழைய கரைசலைத் தள்ளி முடிப்பதற்குள் நின்றுவிடுகிறது. 5 நிமிடம் வையுங்கள்.

இப்போது மதிய நகர்வு. நீங்கள் கொடுத்த இரண்டு கரண்ட் எண்களே போதும்.

கேசட்டுக்குள் இருப்பது கேபிலரியில் பாதிதான். மீதிப் பாதி சிஇ-க்கும் எம்எஸ்-க்கும் நடுவே அறைக் காற்றில் கிடக்கிறது. சேலத்து மதியத்தில் ஏசி திணறினால் அந்தப் பாதி சூடாகும். தண்ணீரின் பிசுபிசுப்பு டிகிரிக்கு 2 சதவீதம் குறையும். அயனியின் வேகமும் கரைசலின் கடத்துதிறனும் ஒரே பிசுபிசுப்பைச் சார்ந்தவை என்பதால், வெப்பம் மட்டும் மாறினால் நேரத்தையும் கரண்டையும் பெருக்கி வரும் எண் மாறக்கூடாது. உங்களுக்கு: காலை 11 × 30.1 = 331. மதியம் 10 × 31.2 = 312. மாறுகிறது. கரண்ட் 3.7 சதவீதம் ஏறியதற்கு காபா 10.6 நிமிடத்தில் வந்திருக்க வேண்டும். 10-க்கே வந்தது என்றால் மீதி 0.6 நிமிடத்தை மொத்த நீரோட்டம் தின்றிருக்கிறது.

அந்த நீரோட்டத்தையும் கணக்கிடலாம். வேக வித்தியாசம் நிமிடத்துக்கு 0.58 செ.மீ., அதாவது நொடிக்கு 0.19 நானோ லிட்டர். அதற்குச் சமமான அழுத்தம் சுமார் 11 மில்லிபார். சைஃபனாக இருக்க முடியாது. இன்லெட் வயல் நுனியைவிட 1 செ.மீ. உயரத்தில் இருந்தால் 1 மில்லிபார்தான் கிடைக்கும், 11 செ.மீ. உயர வித்தியாசம் தானாக வராது. எனவே நெபுலைசர் உறிஞ்சல் காலைக்கும் மதியத்துக்கும் நடுவே கூடியிருக்கிறது. நைட்ரஜன் அழுத்தத்தைப் பாருங்கள்.

#9 மலைக்கொட்டை

சரியாகப் பிடித்துவிட்டீர்கள் சார். நைட்ரஜன் ஜெனரேட்டர் ஒன்றே இரண்டு இயந்திரங்களுக்கும். மதியம் பக்கத்து எல்சி-எம்எஸ் நின்றதும் லைன் அழுத்தம் ஏறுகிறது. கேஜில் 10 என்று வைத்தது 13-ஐத் தாண்டி நிற்கிறது.

உறிஞ்சலை நேரடியாக அளக்க வழி உண்டா?

#10 நுண்குழாய்

உண்டு, சுலபம். நீர்த்த காபிச் சாறையே இன்ஜெக்ட் பண்ணி, வோல்ட் போடாம, நெபுலைசரை மட்டும் ஓட்டி, 195.088-ல காஃபீன் எப்ப வருதுன்னு பாருங்க. 100 செ.மீ.யை அந்த நேரத்தால வகுத்தா உறிஞ்சலோட வேகம். நெபுலைசரை 4, 6, 8, 10 பிஎஸ்ஐ-ல வச்சு ஒவ்வொண்ணுக்கும் எடுத்து ஒரு கோடு போட்டுக்குங்க. ஸ்பிரே நிலையா நிக்கிற மிகக் குறைஞ்ச அழுத்தம்தான் உங்களுக்கு வேணும், பெரும்பாலும் 5, 6-லயே நிக்கும். 10 தேவையில்ல. லைனுக்குத் தனியா ஒரு ரெகுலேட்டர் போட்டுருங்க, செலவு பெருசில்ல.

அந்த வெளிப்பாதி கேபிலரியை நுரை ரப்பர் உறைக்குள்ள விட்டு, ஏசி காத்து நேரா அடிக்காம மறைச்சுருங்க. அதுலயே பாதி தொல்லை குறையும்.

#11 அயனிமழை

ஒரு எச்சரிக்கை: காஃபீனை வோல்ட் இல்லாத சோதனைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பிஎச் 1.9-இல் அது துளி மின்னூட்டம் பிடிக்கிறது, ஈஓஎஃப் குறியாக வைத்தால் ஏமாற்றும்.

பலரும் செய்வது ஒரே உள்தரத்தோடு (எல்லா வயலிலும் ஒரே அளவில் சேர்க்கும் குறிப்பொருள்) நேர விகிதம் எடுப்பது. வெப்பம் மட்டும் மாறினால் விகிதம் நிலைக்கும். நீரோட்டமும் மாறினால் நிலைக்காது, ஏனென்றால் உறவு இப்படி: 1/நேரம் = அ × நகர்திறன் + ஆ. வெப்பமும் வோல்ட்டும் ‘அ’-வை மாற்றும், உறிஞ்சலும் சைஃபனும் ‘ஆ’-வை மாற்றும். தெரியாதவை இரண்டு, குறிகளும் இரண்டு வேண்டும். முன்னால் வருவதற்கு கிரியாட்டினின், எம்/இசட் 114.066. பின்னால் வருவதற்கு மெத்தியோனின் சல்ஃபோன், 182.048. ஒவ்வொரு வயலிலும் இரண்டும் 50 மைக்ரோமோலார். ஒரு நல்ல ஓட்டத்தை ஆதாரமாக வைத்து, மற்ற ஓட்டங்களின் 1/நேர மதிப்புகளை இந்த இரண்டு குறிகளும் பொருந்துமாறு நேர்கோட்டில் மாற்றுங்கள். நேரத்தை நேரடியாக நீட்டிச் சுருக்குவது தவறு, தலைகீழ் மதிப்பில்தான் செய்ய வேண்டும். எக்செல் போதும்.

#12 ஜவ்வரிசி_ஆலை

நடுவுல நுழையறதுக்கு மன்னிக்கணும். சேகோ ஆலைக் கழிவுநீர்ல லாக்டிக், அசிட்டிக், பியூட்ரிக் அமிலம் பார்க்கணும். இதே சிஇ-எம்எஸ் ஆகுமா?

#13 நுண்குழாய்

எம்எஸ் தேவையே இல்லீங்க. மறைமுக யூவி சிஇ போதும்: 20 மில்லிமோலார் பிரிடின் டைகார்பாக்சிலிக் அமிலம், ஈஓஎஃப்-ஐத் திருப்ப 0.5 மில்லிமோலார் சிடிஏபி (ஒரு சர்ஃபாக்டன்ட்), பிஎச் 5.7, நெகட்டிவ் வோல்ட். கழிவுநீரை வடிகட்டி 50 மடங்கு நீர்த்தா ஓடும். ஆனா அந்தக் கேபிலரியை, அந்த வயலை, அந்தப் பைப்பெட்டைக்கூட எம்எஸ் பக்கம் கொண்டு போகாதீங்க. சிடிஏபி உள்ள போச்சுன்னா 284.33-ல உட்கார்ந்துக்கிட்டு மாசக்கணக்குல போகாது.

#14 கொங்கு_எல்சி

அதே அமிலங்களை எம்எஸ்-ல பார்க்கணும்னா எதிர்மறை முறைதானே? அம்மோனியம் அசிடேட் பிஎச் 9?

#15 அயனிமழை

ஆம், ஆனால் துருப்பிடிக்காத எஃகு ஊசியோடு வேண்டாம். அந்த முறையில் ஸ்பிரே ஊசி ஆனோடு ஆகிறது, மின்னாற்பகுப்பில் இரும்பு கரைந்து கேபிலரி நுனியில் படிந்து அடைக்கிறது. 2009-இல் சோகா குழு பிளாட்டினம் ஊசி போட்டுத்தான் அதைத் தீர்த்தது. தனி இழையில் பேசலாம், இங்கே காபிக்கே திரும்புவோம்.

104 கேள்வி இன்னும் பாக்கி. அங்கே இரண்டு பேர் இல்லை, குறைந்தது நான்கு பேர். காபா 104.0706. கோலின் 104.1070. 2-அமினோபியூட்ரிக் அமிலமும் டைமெத்தில்கிளைசினும் காபாவின் அதே நிறை. கோலினையும் காபாவையும் பிரிக்க 3000 அளவு பிரிதிறன் போதும், உங்கள் டிஓஎஃப்-க்கு அது பொருட்டே இல்லை. எக்ஸ்ட்ராக்‌ஷன் ஜன்னலை (தரவிலிருந்து எடுக்கும் நிறை வரம்பு) 20 பிபிஎம் ஆகக் குறைத்தால் ஒரு பீக் காணாமல் போகும். ஒற்றைக் குவாட்ரப்போல் (பிரிதிறன் குறைந்த நிறைமானி) வைத்திருப்பவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், இரண்டுமே முன்பக்கம் நெருக்கமாக வருகின்றன. டிரிபிள் குவாட் என்றால் காபாவுக்கு 104 → 87, கோலினுக்கு 104 → 60.

சம நிறைக்காரர்களைப் பிரிப்பது சிஇ-யின் வேலை. ஆல்ஃபா அமினோ அமிலங்களின் கார்பாக்சில் பிகேஏ 2.3 பக்கம். பிஎச் 1.9-இல் அவற்றின் சராசரி மின்னூட்டம் +0.7. காபாவில் கார்பாக்சில் அமினோவிலிருந்து தள்ளி இருப்பதால் பிகேஏ 4.0, மின்னூட்டம் முழு +1. எனவே காபா முன்னால், 2-அமினோபியூட்ரிக் வெகுவாகப் பின்னால். சாறில் 10 மைக்ரோமோலார் காபா கூடுதலாகச் சேர்த்து, எந்த பீக் வளர்கிறது என்று பாருங்கள். அதைவிட நம்பகமான சாட்சி கிடையாது.

#16 தாவரவேதி

இயந்திரம் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் சாறு எடுக்கும் முறையிலேயே விடை பிழையாகப் போகிறது, அதை யாரும் கவனிக்கவில்லை.

பச்சைக் கொட்டை உயிருள்ள விதை. குளூட்டமேட்டிலிருந்து காபாவை உண்டாக்கும் டிகார்பாக்சிலேஸ் அதில் தயாராக இருக்கிறது. உலரும்போது ஏற்படும் அழுத்தத்தில்தான் காபா சேர்கிறது. செர்ரியாகக் காயும் கொட்டையில் கழுவியதைவிடக் காபா அதிகம் என்று இலக்கியம் சொல்வதும் அதனால்தான். அப்படிப்பட்ட கொட்டையைப் பொடித்து அறை வெப்பத் தண்ணீரில் 10 நிமிடம் குலுக்கினால், குடுவைக்குள்ளேயே குளூட்டமேட் காபாவாக மாறும். நீங்கள் அளப்பது களத்தில் நடந்ததா, உங்கள் குலுக்கியில் நடந்ததா என்று சொல்ல முடியாது.

செய்ய வேண்டியது: கொட்டையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடியுங்கள். பச்சைக் கொட்டை கல் மாதிரி இருக்கும், உறையவைக்காமல் அரைத்தால் ஆலை சூடாகும். காற்றோட்டமும் தடித்த கையுறையும் அவசியம். 100 மி.கி. பொடியில், உள்தரம் சேர்த்த மைனஸ் 20 டிகிரி மெத்தனால் 4 மி.லி. ஊற்றி உடனே கலக்குங்கள். நொதி அங்கேயே செத்துவிடும். அதன்பின் தண்ணீர் 4 மி.லி., குளோரோஃபார்ம் 4 மி.லி. சேர்த்து, ஃபியூம் ஹூடுக்குள் குலுக்கி, குளிரில் சென்ட்ரிஃப்யூஜ். கொழுப்பு கீழே போகும். மேல் அடுக்கை எடுத்து 5 கிலோடால்டன் வடிகட்டியில் சுற்றுங்கள், புரதம் கேபிலரிச் சுவரில் ஒட்டாமல் இருக்க அது முக்கியம். உலர்த்தி, 10 மி.லி. தண்ணீரில் திரும்பக் கரையுங்கள். வடிகட்டியை முன்கூட்டியே தண்ணீரில் இரண்டு முறை சுற்றிக் கழுவுங்கள், அதில் கிளிசரின் பூசியிருப்பார்கள்.

சாம்பிள் எடுப்பதிலும் இதே கதை. மலையிலிருந்து ஈரப் பார்ச்மென்ட்டை மூட்டையில் கட்டி, கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி, சேலத்து வெயிலில் வைத்துவிட்டு லேபுக்குக் கொண்டுவந்தால் வழியெல்லாம் கொட்டை வேலை செய்துகொண்டே வரும். களத்திலேயே திரவ நைட்ரஜன் குடுவையில் போடுங்கள். முடியாவிட்டால் 11, 12 சதவீத ஈரத்துக்குக் காய்ந்த கொட்டையை மட்டும் எடுத்து, எல்லா சாம்பிளுக்கும் ஈரப்பதத்தை அளந்து, முடிவை உலர் எடைக்குக் கணக்கிடுங்கள். ஒரே தோட்டத்து, ஒரே நாள் பறித்த பழத்தைப் பாதி செர்ரிக்கும் பாதி பார்ச்மென்ட்டுக்கும் பிரித்தால்தான் ஒப்பீடு நிற்கும். வேறு வேறு தோட்டத்துக் கொட்டை என்றால் உயரமும் நிழலும் பேசும், பதப்படுத்திய முறை பேசாது.

#17 மலைக்கொட்டை

இது பெரிய விஷயங்க மேடம். தண்ணீரில் எடுத்த சாறை 0, 10, 30 நிமிடத்தில் நிறுத்தி ஓட்டிப் பார்த்தேன். காபா ஏறுகிறது, குளூட்டமிக் இறங்குகிறது. குளிர்ந்த மெத்தனாலில் இரண்டும் அசையவில்லை. மொத்தத்தையும் புதிதாக எடுக்கிறேன். அடுத்த பறிப்பில் ஒரே தோட்டத்துப் பழத்தைப் பிரித்தே செய்கிறோம்.

உலர்த்திக் கரைத்த பிறகு சாம்பிள் பீக்கும் ஸ்டாண்டர்ட் மாதிரியே ஒடுங்கி வருகிறது. கடைசியாக ஒன்று: கேலிபரேஷன் தண்ணீரில் போட்டால் போதுமா?

#18 அயனிமழை

1 முதல் 100 மைக்ரோமோலார் வரை தண்ணீரில் கோடு போடுங்கள், ஆனால் இரண்டு வகையிலும் ஒரு சாறுக்காவது ஸ்டாண்டர்ட் அடிஷன் (சாறிலேயே தெரிந்த அளவு ஸ்டாண்டர்டைச் சேர்த்து அளப்பது) செய்து சாய்வை ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் தண்ணீர்க் கோடு செல்லும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். நம் ஊர் போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கனமாக இருக்கும், ஆர்ஓ சவ்வு தளர்ந்தால் முதலில் சோடியம்தான் கசியும். ஸ்டாண்டர்டை பாலிபுரோப்பிலீன் வயலில் வையுங்கள், கண்ணாடியில் வேண்டாம். 1 மோலார் ஃபார்மிக்குக்கு 98 சதவீத அமிலம் 100 மி.லி.க்கு 3.85 மி.லி. தினமும் புதிதாகக் கலக்குங்கள்.

#19 நுண்குழாய்

சாயங்காலம் மூடுற வரிசையும் சொல்லிடறேன், இங்கதான் நிறைய கேபிலரி சாகுது. வோல்ட் ஆஃப், நெபுலைசர் ஆஃப், எம்எஸ் ஸ்டாண்ட்பை. ஸ்பிரேயரை மூலத்துலேர்ந்து எடுத்து வெளிய வையுங்க. கேபிலரியைத் தண்ணில 10 நிமிஷம் கழுவி, அப்புறம் காத்துல 5 நிமிஷம் ஊதி உலர்த்துங்க. ஃபார்மிக் உள்ளேயே இருந்தா நுனியில காய்ஞ்சு அடைக்காது, ஆனா காபிச் சாறோட மிச்சம் இருந்தா காய்ஞ்சு பழுப்பாப் படியும். ஷீத் பம்பைக் கடைசியா நிறுத்துங்க, ஊசி நுனியை மெத்தனால்ல ஒரு தடவை துடைங்க. கரண்ட் போற ஊர், டர்போ பம்ப் யூபிஎஸ்-ல இருக்கான்னு பாத்துக்குங்க. சிஇ-யையும் அதே யூபிஎஸ்-ல சேர்க்காதீங்க, 30 கிலோவோல்ட் சப்ளை தனி லைன்ல இருக்கட்டும். மழைக்காலத்துல இன்லெட் எலக்ட்ரோடு பக்கம் ஈரம் கோத்துச்சுன்னா 25-க்கு மேல பொறி பறக்கும். எலக்ட்ரோடையும் வயல் மூடியையும் துடைச்சு உலர்த்திட்டுத்தான் வோல்ட் ஏத்தணும்.